நாய் வண்டியில் ஒரு ஸ்கேனர் வையுங்கள்

திருநெல்வேலி மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், மேயர், துணை மேயர், 55 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். வீட்டில் ஒரு நாட்டு நாயும் பூனைகளும் உண்டு. நான் கேட்க வந்திருப்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. தெருவில் பிடிக்கும் ஒவ்வொரு நாயையும், அதற்கு வேறு எதுவும் செய்வதற்கு முன்னால், மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் பொருத்தும் அடையாள எண்) இருக்கிறதா என்று ஸ்கேனர் வைத்து ஒருமுறை பார்க்க வேண்டும். சிப் இருந்தால் அந்த எண்ணுக்குரிய வீட்டுக்குப் போன் செய்ய மாநகராட்சியிடம் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். இந்த இரண்டும் தயாரான பிறகு, வளர்க்கிறவர்களைச் சிப் பொருத்தச் சொல்லுங்கள். முதலில் ஸ்கேனர், அடுத்து பதிவேடு, அப்புறம்தான் சிப். இந்த வரிசை மாறிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

காணாமல் போன வீட்டு நாய்க்கு இன்றைக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தெரு நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, காது நுனியில் அடையாளம் வெட்டி, பிடித்த அதே இடத்தில் கொண்டுபோய் விட வேண்டும் என்பது 2023-ம் ஆண்டு ஒன்றிய அரசின் ஏபிசி விதி, அதாவது விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதி. தெரு நாய்க்கு அது சரியான விதி. அதன் இடம் அதுதான். ஆனால் பெருமாள்புரத்து வீட்டிலிருந்து தீபாவளி வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடி, பேட்டையில் பிடிபட்ட நாய்க்குப் பேட்டை எப்படி அதன் இடமாகும்? விதியை ஒரு எழுத்து விடாமல் கடைப்பிடித்தால்கூட, அந்த நாய் தன் வீட்டுக்குப் போகாது. தனக்குத் தெரியாத தெருவில், அங்கே ஏற்கனவே இருக்கும் நாய்களின் கடிக்கு நடுவில் போய் நிற்கும்.

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுக்குப் பிறகு விஷயம் இன்னும் இறுகிவிட்டது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது, காப்பகத்தில் சேர்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த உத்தரவு சரியா தவறா என்று இங்கே நான் வாதாட வரவில்லை. பிள்ளைகள் கடிபட்டுக் கிடக்கும் வீடுகளின் வேதனையும் எனக்குத் தெரியும். ஆனால் வழி தவறிய நாய் எங்கே போய் நிற்கும்? ஆள் நடமாட்டமும் சாப்பாட்டு வாசனையும் இருக்கிற இடத்தில்தான். வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்திலும், ஜங்ஷன் ரயில் நிலையத்திலும், ஆஸ்பத்திரி வாசலிலும்தான். அங்கே பிடிபட்டால் இனி அது தெருவுக்குக்கூடத் திரும்பாது. அது யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிக்க நமக்கு இருக்கும் வாய்ப்பு, வண்டியில் ஏற்றிய நேரத்துக்கும் காப்பகத்தில் கூண்டை அடைக்கிற நேரத்துக்கும் நடுவில் இருப்பதுதான்.

'வீட்டு நாயைப் பார்த்தாலே தெரியாதா?' என்று சிலர் கேட்கிறார்கள். பொமரேனியனையும் லாப்ரடாரையும் பார்த்தால் தெரியும், சரி. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது செவலை, கருப்பு, சாம்பல் நிறத்து நாட்டு நாய்கள். குட்டியாகத் தெருவிலிருந்து தூக்கி வந்து, தார்சாவில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, குழம்புச் சோறு போட்டு வளர்த்தவை. வாசல் கதவு திறந்தால் தெருவுக்குப் போகும், வரும். தெரு நாய்க்கும் இதற்கும் உடம்பில் ஒரு வித்தியாசமும் கிடையாது. பேரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்றால், மணி என்று கூப்பிட்டுப் பாருங்கள், தெருவில் நாலு நாய் திரும்பிப் பார்க்கும். ராஜபாளையம் நாய்கள் பலவற்றுக்கு அதுவும் உதவாது. பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்குமாக இருக்கும் அந்த இனத்தில் பிறவிச் செவிடு பரவலாக உண்டு. அப்படிப் பிறந்த நாய்க்கு, எஜமான் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது.

2023 டிசம்பர் வெள்ளத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்து சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தது. மனிதர்களைப் படகில் ஏற்றவே பெரும்பாடாக இருந்த நேரத்தில் கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட்டால் போதும் என்றுதான் பல வீட்டில் செய்தார்கள். அவிழ்த்துவிட்டவர்கள் புண்ணியவான்கள். அந்த நாய்கள் நீந்தியும் மொட்டை மாடிகளில் ஏறியும் பிழைத்தன. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு எந்த நாய் எந்த வீட்டு நாய்?

அப்போது நான் நேரில் பார்த்த ஒரு பஞ்சாயத்தைச் சொல்கிறேன். மேட்டுத் தெரு ஒன்றில் ஒரு கன்னி நாய் ஒதுங்கியிருந்தது. கழுகுமலை, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டு இனம். கறுத்த உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, ஒட்டிய வயிறு, நீளக் கால். அந்த இனத்தில் ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைப் பார்த்த மாதிரி இருக்கும். படத்தை வாட்ஸ்அப்பில் போட்டதும் இரண்டு குடும்பம் வந்து நின்றது. இரண்டு பேரும் செல்போனில் போட்டோ காட்டினார்கள். இரண்டும் அதே கறுப்பு, அதே பொட்டு. ஒருவர் ராஜா என்று கூப்பிட்டார், வாலை ஆட்டியது. இன்னொரு வீட்டுப் பெண் கருப்பா என்றாள், அதற்கும் வாலை ஆட்டியது. பசியோடு இருந்த நாய் யார் கை நீட்டினாலும் ஆட்டத்தானே செய்யும். அண்ணாச்சி ஒருவர்தான் கடைசியில் ஒரு வழி சொன்னார். 'நாயைப் பார்க்காமல், திரும்பி நின்று, உங்கள் நாய்க்கு உடம்பில் என்ன தழும்பு என்று சொல்லுங்கள்' என்றார். முதலில் வந்தவர், பின்னங்கால் உள்பக்கம் பைக் சைலன்சர் சுட்ட தழும்பு, கட்டைவிரல் அகலத்துக்கு முடி முளைக்காமல் இருக்கும் என்றார். தூக்கிப் பார்த்தால் இருந்தது. அவர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் தன் போனில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு அழுதாள். அவர்கள் நாய் பிறகும் கிடைக்கவில்லை. அது எங்காவது ஒரு தெருவில், இன்னொரு பேருக்கு வாலாட்டிக்கொண்டு உயிரோடு இருக்கலாம். அவர்களுக்கு அது தெரிய வழியே கிடையாது.

சைலன்சர் தழும்பை நம்பித்தான் நம் ஊரில் ஒரு வளர்ப்பு நாய் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. 1992-லும் ஆறு இப்படி வந்தது. இனியும் வரும்.

மைக்ரோசிப் என்றால் என்ன என்பதில் இன்னும் குழப்பம் இருப்பதால் அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அரிசி மணி அளவில், ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளத்தில், கண்ணாடிக் கூட்டுக்குள் அடைத்த ஒரு சின்னப் பொருள். தடுப்பூசி ஊசியைவிடக் கொஞ்சம் தடித்த ஊசியால், தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கு அடியில் செலுத்துவார்கள். மயக்க மருந்து வேண்டாம். உள்ளே பேட்டரி கிடையாது, அதனால் தீர்ந்துபோகவும் செய்யாது, ஆயுசுக்கும் இருக்கும். கோயில் யானைகளின் தோலுக்கு அடியிலும் இதைத்தான் பொருத்தியிருக்கிறார்கள். ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுபோனால், அதிலிருந்து வரும் அலையில் சிப் விழித்துக்கொண்டு 15 இலக்க எண்ணைச் சொல்லும். அவ்வளவுதான் அது செய்யும். நாய் எங்கே இருக்கிறது என்று செல்போனில் காட்டாது. வீட்டு முகவரியும் அதற்குத் தெரியாது. எண் மட்டும்தான்.

இதில்தான் நான் முதலில் சொன்ன வரிசை வருகிறது. அந்த எண்ணைப் படிக்கக் கருவி இல்லாத ஊரில் சிப் போட்ட நாயும் போடாத நாயும் ஒன்றுதான். படித்தாலும், எண்ணின் முதல் மூன்று இலக்கம் பல சிப்புகளில் தயாரித்த கம்பெனியைத்தான் சொல்லும், ஊரைச் சொல்லாது. சிப் போட்ட டாக்டர் எண்ணை எங்கே பதிந்தார், வளர்ப்பவர் போன் நம்பரை மாற்றினாரா, அந்தப் பதிவு இன்னும் இருக்கிறதா என்பதெல்லாம் ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு நாயைப் பிடித்து வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது? திருநெல்வேலிக்கு ஒரே பதிவேடு, அது மாநகராட்சியிடம், எந்த நேரமும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஏற்கனவே வேறு இடத்தில் சிப் போட்டு வந்த நாயின் எண்ணையும் அதில் ஏற்றிக்கொள்ள வழி வேண்டும். வீடு மாறினாலும் நம்பர் மாறினாலும் வளர்ப்பவரே மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். அதற்கு மறுபடி மனு, ஜெராக்ஸ், வரிசை என்று வைத்தால் யாரும் மாற்ற மாட்டார்கள், ஒரு வருஷத்தில் பதிவேட்டில் பாதி நம்பர் செத்துப்போகும்.

ஸ்கேனர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள். 134.2 கிலோஹெர்ட்ஸ் என்பது சர்வதேசத் தரம். ஆனால் பழைய சிப்புகள் சிலவற்றை அந்த அலைவரிசை மட்டும் படிக்கும் கருவி காட்டாது, அதனால் இரண்டு வகையையும் படிக்கிற கருவியாகக் கேட்டு வாங்குங்கள். பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் பழக்கிக் கொடுத்தால் போதும். சிப் சில நேரம் வைத்த இடத்திலிருந்து நகர்ந்து தோள்பட்டைக்கோ முன்னங்கால் பக்கத்துக்கோ இறங்கியிருக்கும். கழுத்தில் மட்டும் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. கழுத்து, முதுகு, இரண்டு தோள், முன்னங்கால்கள் என்று மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.

நாய் பிடிக்கும் ஊழியர்களை மனதில் வைத்துத்தான் இதையும் சொல்கிறேன். கடியும் ஏச்சும் வாங்கிக்கொண்டு அந்த வேலை செய்கிறவர்கள் அவர்கள். சீறுகிற நாயின் கழுத்தில் கையை நீட்டு என்று அவர்களிடம் சொல்ல முடியாது. மாடுகளுக்கு என்று நீளக் கம்பு வடிவத்தில் ஸ்கேனர் இருக்கிறது, அதைக் கூண்டுக்கு வெளியிலிருந்தே நீட்டலாம். அதிலும் சிக்காவிட்டால், கருத்தடைக்காக மயக்க ஊசி போட்டுப் படுக்க வைக்கிறார்களே, அப்போது கட்டாயம் பார்க்கலாம். கத்தி வைப்பதற்கு முந்தைய அந்த நிமிஷத்தில் ஸ்கேன் செய்யாமல் எந்த நாயையும் அறுக்கக் கூடாது என்று ஓர் உத்தரவு போடுங்கள். இனவிருத்திக்காக ஆசையாக வளர்த்த நாய்க்கு ஆள் தெரியாமல் கருத்தடை செய்துவிட்டால் அப்புறம் திருப்பித் தர முடியுமா?

கழுத்துப்பட்டையோடு வருகிற நாயைக் கொஞ்ச நாள் தனியாக வைத்து, படம் எடுத்து, பிடித்த இடத்தையும் தேதியையும் போட்டு வெளியிடுங்கள். சிப் இல்லாத வீட்டு நாய்கள்தான் இன்னும் பல வருஷத்துக்கு அதிகமாக இருக்கும், அவற்றுக்கும் ஒரு வழி வேண்டுமே.

இதெல்லாம் நம் ஊருக்குப் பழக்கமில்லாத காரியமா என்றால், இல்லை. மேலப்பாளையம் சந்தைக்கு வருகிற மாட்டைப் பாருங்கள், காதில் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். கால்நடைத் துறை ஊர் ஊராகத் தொழுவம் தொழுவமாகப் போய் மாட்டிய வில்லை அது. அந்த எண்ணைத் தட்டினால் மாட்டின் சொந்தக்காரர், போட்ட தடுப்பூசி எல்லாம் வரும். தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்கு இருக்கிற எண், அந்தத் தொழுவத்துக்குக் காவல் படுத்திருக்கும் நாய்க்கு இல்லை. ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. சிப் போடத் தெரிந்த பேராசிரியர்களும், கற்றுக்கொள்ளக் காத்திருக்கிற மாணவர்களும் நம் ஊர் எல்லையிலேயே இருக்கிறார்கள். மாநகராட்சியும் கல்லூரியும் கால்நடைத் துறையும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும்.

சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. நல்ல காரியம். கெடு நெருங்க நெருங்கக் கால்நடை மருந்தகங்களில் கூட்டம் நெரிந்து, கெடுவைத் தள்ளிவைக்க வேண்டி வந்ததையும் பார்த்தோம். நாம் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அபராதத்தோடு தொடங்க வேண்டாம். தச்சநல்லூர், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று நான்கு மண்டலத்திலும் வார்டு வாரியாக முகாம் போடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசியையும் சிப்பையும் ஒரே தடவையில் முடித்துவிடலாம், நாயை இரண்டு முறை ஆட்டோவில் ஏற்றி இறக்க வேண்டாம். சிப்போடு பார்கோடு ஸ்டிக்கர் வரும், ஒன்றைத் தடுப்பூசிப் புத்தகத்திலும் இன்னொன்றைப் பதிவேட்டிலும் ஒட்டினால் எண் எழுதுவதில் பிழை வராது. பீடி சுற்றிப் பிழைக்கும் வீட்டிலும் நாய் இருக்கிறது. சில நூறு ரூபாய் அவர்களுக்குப் பெரிய தொகை. அந்த வீடுகளுக்கு இலவசமாகப் போட்டுக் கொடுங்கள். அபராதத்துக்குப் பயந்து ஒரு வீட்டில் நாயைக் கொண்டுபோய் புறவழிச் சாலையில் இறக்கிவிட்டு வந்தால், இந்தத் திட்டத்தால் தெரு நாய் ஒன்று கூடியதாகத்தான் கணக்கு.

நாயைப் பிடிக்காதவர்களுக்கும் இதில் நன்மை இருக்கிறது. ஒரு நாய் கடித்துவிட்டால், அது யார் வீட்டு நாய், ஊசி போட்டிருக்கிறதா என்று உடனே தெரியும். கடித்த நாயை 10 நாள் கண்காணிப்பில் வைக்க ஒரு பொறுப்பான ஆளும் இருப்பார். கடிபட்டவர் தன் ஊசியை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது, அது வேறு. ஆனால் 'அது எங்கள் நாய் இல்லை' என்று கதவைச் சாத்துவது இனி நடக்காது.

நாய் பூனை வளர்க்கிற நம் ஊர்க்காரர்களுக்கும் இந்த மடலிலேயே ஒரு வார்த்தை. மாநகராட்சி செய்யும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் சீர்வரிசையாக வந்த எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டியிருக்கும், டம்ளரில் இனிஷியல்கூட இருக்கும். வருஷக்கணக்காக நம் காலடியில் படுத்துக் கிடக்கிற ஜீவனின் கழுத்தில் ஒரு எழுத்து இருக்காது. அதே பாத்திரக்கடையில், பேர் வெட்டுகிற அதே மெஷினில், ஒரு சின்ன எவர்சில்வர் வில்லையில் போன் நம்பர் வெட்டித் தருவார்கள். டவுணில் ரத வீதியில் நான் அப்படித்தான் வெட்டி வாங்கினேன். இரண்டு நம்பர் போடுங்கள், ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கிறவருடையது. வில்லையைத் தொங்கவிட்டால் உரசி எழுத்து தேயும், வளையம் விரிந்து விழுந்தும் போகும். பட்டையோடு ஒட்டி இரண்டு பக்கமும் ரிவெட் அடித்துவிட்டால் அப்படியே கிடக்கும். மார்க்கர் பேனாவில் எழுதியது நம் வெயிலுக்கு நிற்காது. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற இடைவெளி வேண்டும், குட்டி வளர வளரத் தளர்த்த வேண்டும். பூனைக்கு, எங்காவது மாட்டி இழுத்தால் தானே கழன்றுகொள்கிற பட்டைதான் போட வேண்டும், இல்லாவிட்டால் கிளையில் மாட்டித் தொங்கிவிடும். முகம், இரண்டு பக்கம், வால், தழும்பு எல்லாம் தெரிகிற படங்களைப் போனில் வைத்திருங்கள்.

பட்டை அறுந்துபோகலாம், யாராவது கழற்றியும் எறியலாம். அதனால்தான் சிப்பும் வேண்டும் என்கிறேன். ஆனால் தெருவில் நாயைப் பார்க்கிற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஸ்கேனர் இருக்காது, போன் நம்பரைப் படிக்கத் தெரியும். இரண்டும் இருந்தால்தான் பத்திரம்.

ஆணையர் அவர்களே, அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் வையுங்கள். நாய் பிடிக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் கருத்தடை மையத்துக்கும் ஸ்கேனர் வாங்குவது ஒன்று. ஊருக்கு ஒரே பதிவேடு தொடங்குவது இன்னொன்று. அவை தயாரானதும், செப்டம்பர் 28 உலக வெறிநாய்க்கடி நோய் தினத்தில் எப்படியும் தடுப்பூசி முகாம் போடுவார்கள், முதல் சிப் முகாமையும் அதோடு சேர்த்துவிடலாம். எங்கள் வார்டில் நாய் பூனை இருக்கிற வீடுகளைக் கணக்கெடுத்து, வளர்ப்பவர் பேரும் போன் நம்பருமாகப் பட்டியல் போட்டுத் தருகிற வேலையை நாங்கள் சிலர் ஏற்றுக்கொள்கிறோம். எந்தப் படிவத்தில் வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டைவாசி ஒருவர்